மாருதி 800 இன்ஜின் வேலை, இன்ஜின் மாத்தறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்மகிட்ட 800 இருக்குன்னு தெரிஞ்சா போதும், கல்யாண வீட்டுல கூட யாராச்சும் ஓரமா கூட்டிட்டு போயி "புகை வருதுங்க"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. கேக்கறது எல்லாமே சுத்தி சுத்தி இதே கேள்விங்கதான், அதனால ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். இது தினமும் ஆபீஸ், ஸ்கூல், மார்க்கெட்டுன்னு ஓடற வண்டிக்காக எழுதினது, ஷெட்டுல மூடி வச்சு ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கறவங்களுக்கு பாதிதான் பொருந்தும். கார்புரேட்டர் வண்டியதான் மனசுல வச்சிருக்கேன், எம்பிஐ (கார்புரேட்டருக்கு பதிலா பெட்ரோல பீச்சற இன்ஜெக்ஷன் வகை) வித்தியாசப்படற எடத்துல தனியா சொல்றேன்.

வண்டில புகை வருது, மெக்கானிக் பாத்த உடனே இன்ஜின் போச்சுன்னுட்டாரு. நெஜமாவே போச்சா சார்?

பாத்த உடனே சொன்னாருன்னா நம்பாதீங்க. புகை என்ன கலரு, எப்ப வருது, ரெண்டையும் சேத்து பாக்கணும். கருப்பா வந்தா பெட்ரோல் அதிகமா போகுது, சோக் ஒட்டிக்கிட்டிருக்கும், இல்ல ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், அதுக்கு இன்ஜின தொடவே வேணாம். வெள்ளையா வந்து, ரேடியேட்டர் தண்ணியும் தானா கொறைஞ்சா ஹெட் கேஸ்கெட்ட, அதாவது இன்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ உள்ள பிளாக்குக்கும் நடுவுல இருக்கற தகட்ட, சந்தேகப்படுங்க. மார்கழி காலைல கொஞ்ச நேரம் வெள்ளையா வந்துட்டு நின்னு போறது வெறும் ஆவிதான்.

நீலப் புகைதான் ஆயில் எரியறது, ஆனா அதுலயும் ரெண்டு வகை இருக்கு. ராத்திரி பூரா நின்ன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு குப்புன்னு வந்துட்டு அப்பறம் சுத்தமாயிடுதுன்னா, இல்ல ஏற்காடு மலை எறங்கி வந்து சமவெளில ஆக்ஸிலரேட்டர மிதிச்ச உடனே மட்டும் வருதுன்னா அது பெரும்பாலும் வால்வு சீல். ஹெட்ட மட்டும் கழட்டி முடிச்சிடற வேலை. ஏத்தத்துல, லோடுல, எப்ப மிதிச்சாலும் விடாம வந்துட்டே இருக்குன்னா ரிங்கு (பிஸ்டன சுத்தி இருக்கற வளையம்), போர் (பிஸ்டன் ஓடற சிலிண்டர் துளை) பக்கம் போகணும்.

இன்னொன்னு, ஐடிலிங்ல ஆயில் ஊத்தற மூடிய தொறந்து பாருங்க. லேசா காத்து வர்றது எல்லா இன்ஜின்லயும் இருக்கும். மூடிய அது மேலயே சும்மா வச்சா டப் டப்புன்னு குதிச்சு கீழ விழுது, ஆயில் துளி கைல தெறிக்குதுன்னா அதத்தான் பேக் கம்ப்ரஷன்னு சொல்றாங்க. அப்படி இருந்தாலும் அடுத்த கேள்வில இருக்கற டெஸ்ட்ட பண்ணாம இன்ஜின எறக்காதீங்க.

கம்ப்ரஷன் டெஸ்ட் எப்படி பண்றது ப்ரோ? என்ன நம்பர் வரணும்?

நம்பர விட மூணு சிலிண்டருக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் முக்கியம். இன்ஜின் நல்லா சூடா இருக்கணும், பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கணும், மூணு பிளக்கையும் கழட்டிடணும், காயில் வயர எடுத்துடணும், ஆக்ஸிலரேட்டர ஃபுல்லா மிதிச்சு பிடிச்சுக்கணும், இந்த கடைசி விஷயத்த நெறைய பேரு விட்டுடறாங்க, காத்து உள்ள போகாம ரீடிங் கம்மியாத்தானே காட்டும். அப்பறம் ஒவ்வொரு பிளக் ஓட்டைலயும் கம்ப்ரஷன் கேஜ மாட்டி, செல்ஃப் அடிச்சு முள்ளு ஏறி நிக்கற வரைக்கும் பாத்து எழுதிக்கோங்க. சிலிண்டருக்கு சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் இருந்தா ஏதோ ஒன்னு சரியில்ல.

எது சரியில்லன்னு கண்டுபிடிக்க, கம்மியா காட்டின சிலிண்டருக்குள்ள பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி செல்ஃப் அடிங்க. ரீடிங் சட்டுன்னு ஏறினா ரிங்கு, போர் தேய்மானம், ஆயில் கொஞ்ச நேரத்துக்கு அந்த இடைவெளிய அடைச்சிடுது. அப்படியே இருந்தா வால்வு சரியா உக்காரல. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்தாப்புல படுத்திருந்தா நடுவுல ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். கேஜ் இல்லாத மெக்கானிக்கா இருந்தா நீங்களே ஒன்னு வாங்கிடுங்க, தேவையில்லாம ஒரு இன்ஜின் வேலை பாக்கற செலவுக்கு முன்னாடி அது ஒன்னுமே இல்ல.

ஹாஃப் இன்ஜின், ஃபுல் இன்ஜின்னு சொல்றாங்களே, அதுல என்னென்ன வரும்?

ஊருக்கு ஊரு, ஷெட்டுக்கு ஷெட்டு அர்த்தம் மாறும், அதான் பிரச்சனையே. பொதுவா ஹாஃப் இன்ஜின்னா ஹெட் எறக்கி வால்வு வேலை, கூட பிஸ்டன வெளிய எடுத்து ரிங்கு, பிக் எண்டு பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க பிடிக்கற எடத்துல இருக்கறது) மாத்தறது. ஃபுல் இன்ஜின்னா பிளாக்க தனியா பிரிச்சு லேத்துக்கு அனுப்பி போர் அடிச்சு (சிலிண்டர் துளைய கொஞ்சம் பெருசா கடைஞ்சு), கிராங்க் பாத்து, எல்லா பேரிங்கும் ஆயில் சீலும் புதுசு போட்டு கட்டறது.

வார்த்தைய வச்சு ரேட்டு பேசாதீங்க. போர் உண்டா, கிராங்க் கிரைண்டிங் உண்டா, வால்வு கைடு உண்டா, ஆயில் பம்ப் உண்டா, லேத்து கூலி இதுக்குள்ள வருதா இல்ல தனியான்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. முப்பதாயிரம்னு பேசி அம்பதாயிரத்துல முடியற கதை எல்லாம் இந்த எடத்துலதான் ஆரம்பிக்குது.

அண்ணே, இவ்ளோ வேலை பாக்கறதுக்கு புதுப்பேட்டைல ஒரு செகண்ட்ஸ் இன்ஜின் வாங்கி மாட்டிட்டா முடிஞ்சது இல்ல?

சென்னைல புதுப்பேட்டை, கோயம்புத்தூர்ல உக்கடம், எங்க போனாலும் 800 இன்ஜின் கெடைக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா 800 உற்பத்தி 2014 ஜனவரியோட நின்னுடுச்சு, அதனால அங்க இருக்கறதுல ரொம்ப இளசானதுக்கே பத்து வயசுக்கு மேல ஆச்சு. உங்க இன்ஜின் பழசு, அதுவும் பழசு, ஒரே வித்தியாசம் உங்க இன்ஜினோட ஜாதகம் உங்களுக்கு தெரியும், அதோடது தெரியாது.

என் கணக்கு ரொம்ப சிம்பிள். பிளாக் நல்லா இருந்தா, அதாவது விரிசல் இல்ல, கனெக்டிங் ராடு ஒடிஞ்சு பக்கவாட்டுல ஓட்டை போடல, போர் இன்னும் ஒரு சைஸ் தாங்கும்னா, இருக்கற இன்ஜின்லயே வேலை பாருங்க. பிளாக்கே போச்சுன்னா மட்டும் மாத்தறத யோசிங்க. ஏன்னா மாத்தினா ஆர்டிஓ வேலை ஒன்னு கூடவே வரும், அத கீழ தனியா சொல்லியிருக்கேன், "ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்"னு கடைக்காரர் சொல்ற கணக்குல அது இருக்காது.

சரி, பிளாக் போச்சு, மாத்தித்தான் ஆகணும். செகண்ட்ஸ் இன்ஜின்ல என்ன பாத்து வாங்கறது?

முடிஞ்சா வண்டிலயே ஓடிட்டிருக்கற இன்ஜினா பாருங்க, ஆக்ஸிடென்ட் ஆகி ஒடைக்க வந்த வண்டின்னா ஸ்டார்ட் பண்ணி காட்டுவாங்க. தரைல கெடக்கற இன்ஜின்னா கிராங்க் புல்லில ஸ்பேனர் போட்டு கையால சுத்துங்க, மூணு எடத்துல கம்ப்ரஷன் தட்டணும். மூடியத் தொறந்து உள்பக்கம் பாருங்க, மோர் மாதிரி வெளுத்த பசை இருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு, விட்டுட்டு வந்துடுங்க. பக்கவாட்டுல வெல்ச் பிளக் (தண்ணி ஓடற வழிய மூடற வட்டத் தகடு) துருப்பிடிச்சு அரிச்சிருந்தா அந்த வண்டி வாழ்நாள் பூரா கூலன்ட்ட பாக்காம போர்வெல் தண்ணிலயே ஓடியிருக்கு, உள்ள வாட்டர் ஜாக்கெட்டும் அதே கதிதான்.

சம்ப்ப (அடில இருக்கற ஆயில் தொட்டி) கழட்டி ஒரே ஒரு பிக் எண்டு மூடிய மட்டும் தொறந்து பாக்க விடுவாரான்னு கேளுங்க. பேரிங் ஷெல் ஒரே சாம்பல் நெறமா வழவழன்னு இருந்தா நல்லது, நடுவுல செம்பு கலர் தெரிய ஆரம்பிச்சிருந்தா மேல் பூச்சு தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், அது கூட எடுக்கலாம், ஆனா வெலைய கொறைச்சு பேசி ஃபுல் வேலை பாத்துதான் மாட்டணும். இன்ஜின் நம்பர் பிளாக்ல தெளிவா படிக்கற மாதிரி இருக்கணும். ராவினதோ திருத்தினதோ மாதிரி இருந்தா இலவசமா குடுத்தாலும் வேணாம். பில்லு கண்டிப்பா வேணும், இன்ஜின் எந்த வண்டிலேர்ந்து எடுத்ததோ அந்த வண்டியோட பேப்பர் நகலும் கேளுங்க.

ஆம்னி இன்ஜினும் 800 இன்ஜினும் ஒன்னுதானாமே, அப்படியே உக்காருமா? ஆல்டோ இன்ஜின் போடலாமா?

ஆம்னிலயும் 800ல இருக்கற அதே எஃப்8பி இன்ஜின் குடும்பம்தான், அதே 796 சிசி, 68.5 மில்லி போரு, 72 மில்லி ஸ்ட்ரோக்கு. ஆனா ஆம்னில இன்ஜின் முன் சீட்டுக்கு அடில நீளவாக்குல உக்காந்து பின் சக்கரத்த ஓட்டுது, 800ல பானெட்டுக்குள்ள குறுக்கால உக்காந்து முன் சக்கரத்த ஓட்டுது. அதனால உள் சாமான் ஒத்துப்போனாலும் வெளிய மாட்டற சாமானுங்க அப்படியே ஆகாது. சம்ப், ஆயில் ஸ்ட்ரெய்னர், மேனிஃபோல்டு, மவுன்டிங் பிராக்கெட்டு இதெல்லாம் உங்க பழைய இன்ஜின்லேர்ந்து எடுத்து மாத்த வேண்டி வரும். பழைய இன்ஜின முதல் நாளே எடைக்கு போட்டுட்டு அப்பறம் சம்ப்புக்கு அலையறவங்கள பாத்திருக்கேன், புது இன்ஜின் ஓடி ஒரு மாசம் ஆகற வரைக்கும் பழசு அப்படியே இருக்கட்டும்.

ஆல்டோவோட எஃப்8டி அதே 796 சிசிதான், ஆனா 12 வால்வு, எம்பிஐ. 800லயே 2000 வாக்குல 5 கியரோட இந்த இன்ஜின் கொஞ்ச காலம் வந்துச்சு, அதனால எடம் பத்துமான்னு கவலை இல்ல. கவலை வயரிங்லதான். ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்), சென்சாருங்க, டேங்குக்குள்ள எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப், ரிட்டர்ன் லைன் எல்லாம் வேணும், கார்புரேட்டர் வண்டில இதுல ஒன்னுமே கெடையாது, அங்க கேம் ஷாஃப்ட் தட்டற மெக்கானிக்கல் பம்ப்தான். ஒரு முழு ஆல்டோவ ஒடைக்க வாங்கி அதுலேர்ந்து எல்லாத்தையும் எடுத்தாத்தான் இது உருப்படும். தினமும் ஓட்டற வண்டிக்கு என் ஓட்டு, கார்புரேட்டர் வண்டிக்கு கார்புரேட்டர் இன்ஜின், எம்பிஐக்கு எம்பிஐ.

எஸ்டீம் இன்ஜின் போட்டா 800 பறக்குமாம், கோயம்புத்தூர்ல பசங்க பண்றாங்களே?

பறக்கும். 37 குதிரை சக்தி இருக்கற, 650 கிலோ சொச்சம் எடை உள்ள வண்டில 1298 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின போட்டா பறக்காம என்ன பண்ணும். அதெல்லாம் டிராக்குல ஓடறவங்க பண்றது. அவங்க கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், மவுன்டிங், ரேடியேட்டர், பிரேக்கு எல்லாத்தையும் சேத்து மாத்தி, வண்டிய டிரெய்லர்ல ஏத்திட்டு வந்து ஓட்டிட்டு ஏத்திட்டு போறாங்க. நீங்க அதே 12 இஞ்ச் சக்கரத்தோட, அதே பிரேக்கோட ஜிஎஸ்டி ரோட்டுல லாரிக்கு பின்னாடி நிக்கணும். மழைல நனைஞ்ச ரோட்டுல என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

சட்டமும் எடம் குடுக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சில இருக்கற விவரம் கம்பெனி குடுத்த விவரத்துலேர்ந்து மாறற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்னுக்கும் 5000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். ஒரு ஆக்ஸிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க பானெட்ட தொறந்த உடனேயே உங்க க்ளெய்ம் முடிஞ்சிடும்.

அப்போ அதே மாடல் இன்ஜின் மாத்தினா கூட ஆர்டிஓல சொல்லணுமா? யாரு பாக்கப் போறாங்க?

எஃப்சிக்கு (வண்டியோட தகுதிச் சோதனை) போகும்போது பாப்பாங்க. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சிய புதுப்பிக்கணும், அப்ப இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சியோட ஒத்துப் போகுதான்னு பாப்பாரு. சென்னைல 800 விற்பனை 2010 ஏப்ரலோட நின்னுடுச்சு, பிஎஸ் 4 புகை விதி முதல்ல வந்த 13 நகரத்துல அதுவும் ஒன்னு, அதனால சென்னைல புதுசா வித்த 800 அத்தனையும் இந்த வயசுக்கு வந்தாச்சு. யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனைக்கறதுக்கு இது தோதான வண்டியே இல்ல.

மொறை என்னன்னா, மாத்தறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கறது நல்லது. சட்டத்துல மாத்தின 14 நாளுக்குள்ள தெரியப்படுத்தி ஆர்சில ஏத்தணும்னு இருக்கு. இன்ஜின் வாங்கின பில்லு, அது எந்த வண்டியோடதுன்னு காட்டற பேப்பர், உங்க ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கைல இருக்கணும், வண்டிய நேர்ல கொண்டு போயி காட்டணும். லோன் இருந்தா பேங்க்ல ஒரு லெட்டர் வாங்கிடுங்க. ஆர்சில ஏறினதும் இன்சூரன்ஸ் பாலிசிலயும் நம்பர மாத்திடணும், இந்த கடைசி வேலைய பாதி பேரு மறந்துடறாங்க.

பழைய பிளாக்லயே போர் அடிச்சா இந்த தொல்லை எல்லாம் இல்லையே?

இல்லவே இல்ல. நம்பர் குத்தியிருக்கறது பிளாக்குல. ஹெட்டு, கிராங்க், பிஸ்டன் எதையும் மாத்திக்கலாம், அது ரிப்பேர் கணக்குலதான் வரும். நாலாவது கேள்வில இருக்கற இன்ஜின்லயே வேலை பாருங்கன்னு சொன்னதுக்கு பாதி காரணம் இதுதான்.

லேத்துக்கு குடுக்கும்போது என்ன சொல்லிக் குடுக்கணும்? அவங்க பாத்துக்க மாட்டாங்களா?

நல்ல லேத்துக்காரர் பாத்துப்பாரு. ஆனா மெக்கானிக் பையன் டிவிஎஸ் 50ல பிளாக்க வச்சு கொண்டு போயி "போர் அடிச்சு வைங்கண்ணே"ன்னு சொல்லிட்டு வந்தா அவரு போர் மட்டும்தான் அடிப்பாரு. நீங்க கூட போங்க. முதல்ல அளக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு சிலிண்டர்லயும் மேல, நடுவுல, கீழ, அதுவும் நீளவாக்குல ஒன்னு குறுக்கால ஒன்னு. தேய்மானம் எப்பவும் வட்டமா வராது, பிஸ்டன் சாயற பக்கம் அதிகமா தேஞ்சு முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், மேல்பக்கம் ரிங்கு நிக்கற எடத்துல ஒரு திண்டு விரல்லயே தட்டுப்படும். அந்த நம்பரப் பாத்துதான் சும்மா ஹோனிங் (கல்லால லேசா தேய்க்கறது) போதுமா, போர் வேணுமான்னு முடிவு பண்ணணும்.

போர்னா அடுத்த சைஸ் 0.25, அதுக்கும் அடுத்தது 0.50 மில்லி, லேத்துல பத்து தவ், இருவது தவ்னு சொல்லுவாங்க, தவ்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ஒரு சிலிண்டர் மட்டும் போயிருந்தாலும் மூணையும் ஒரே சைஸுக்குத்தான் எடுக்கணும். 0.50யும் முன்னாடியே முடிஞ்சிருந்தா ஸ்லீவ் (போருக்குள்ள எறக்கற புதுக் குழாய்) அடிச்சு திரும்ப ஸ்டாண்டர்டுக்கு கொண்டு வரலாம், அதுல ஒன்னும் கேவலம் இல்ல, ஆனா ஸ்லீவ் அடிக்கத் தெரிஞ்ச கையா இருக்கணும். ரொம்ப முக்கியமானது, பிஸ்டன முதல்ல வாங்கிட்டு போயி லேத்து மேஜைல வச்சுட்டுத்தான் போர் அடிக்கச் சொல்லணும். பிஸ்டன மைக்ரோமீட்டர்ல அளந்து அதுக்கு ஏத்த இடைவெளி விட்டு போர் அடிக்கறது ஒன்னு, சார்ட்ட பாத்து அடிச்சு வச்சுட்டு எந்த பிஸ்டன் வந்தாலும் உள்ள தள்ளறது இன்னொன்னு. ரெண்டாவது வகை சூடு ஏறினா ஜாம் ஆகும், இல்ல காலைல கடகடன்னு சத்தம் போடும்.

கிராங்க அளந்து பாத்து ஸ்டாண்டர்டுலயே இருந்தா கிரைண்டிங் பண்ண விடாதீங்க, பாலிஷ் போதும். கிரைண்டிங் பண்ணியே ஆகணும்னா அதுக்கு ஏத்த அண்டர்சைஸ் பேரிங் கடைல இருக்கான்னு முதல்ல உறுதி பண்ணிட்டு அப்பறம் கல்லுல வைங்க. ஹெட்டு அலுமினியம், ஒரு தடவை ஹீட் ஆன வண்டின்னா நேர் பட்டைய வச்சு கீழ ஃபில்லர் கேஜ் விட்டு பாக்கணும், 0.05 மில்லிக்கு மேல வளைஞ்சிருந்தா ஃபேசிங் (அடிப்பரப்ப சமமா கடையறது) வேணும், அதுவும் எவ்ளோ தேவையோ அவ்ளோதான், சும்மா பளபளன்னு தெரியறதுக்காக எடுக்கக் கூடாது.

எல்லாம் திரும்பி வந்ததும் கழுவறது. ஹோனிங் கல்லோட பொடி போர்ல அந்த குறுக்குக் கோட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், பெட்ரோல் ஊத்தி தொடைச்சா அது போகாது. சுடுதண்ணி, சோப்புத் தூள், பிரஷ். அப்பறம் வெள்ள வேட்டித் துணில ஆயில் தொட்டு போர தொடைச்சு பாருங்க, துணில சாம்பக் கலர் வராத வரைக்கும் மறுபடி மறுபடி கழுவணும். இத செய்யாததால புது ரிங்கு ஒரு வருஷத்துலயே தேஞ்ச இன்ஜின்ங்க நெறைய.

எந்த கம்பெனி சாமான் வாங்கறது?

பேரு கேக்காத டப்பாவா இல்லாம இருந்தா போதும். பிஸ்டன் இந்தியா பிஸ்டன்ஸ், வால்வு ரானே, ரெண்டும் நம்ம சென்னை கம்பெனிங்கதான், கார்புரேட்டர் கூட யூகேல் போட்டது. சென்னைல ஜிபி ரோட்டுல எல்லாம் கெடைக்கும். டூப்ளிகேட்டும் அதே ரோட்டுல அதே டப்பா கலர்ல கெடைக்கும், பில் குடுக்க மாட்டேன்னு சொல்ற கடைல கேஸ்கெட் கூட வாங்காதீங்க.

இன்ஜின் எறக்கியாச்சு, இப்பவே வேற என்ன மாத்திடலாம்?

மறுபடி இன்ஜின எறக்கினாத்தான் மாத்த முடியும்ங்கற எல்லாத்தையும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், கியர் பாக்ஸ் இன்புட் சீல், வெல்ச் பிளக்குங்க. கூடவே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், இன்ஜின் மவுன்டிங் ரப்பர், ரேடியேட்டர் ஹோஸ். ரேடியேட்டர கழட்டி சுத்தம் பண்ண குடுத்துடுங்க.

மாத்தாம விடலாம்னா செல்ஃப், டைனமோ, டெல்கோ (பிளக்குக்கு கரன்ட்ட பிரிச்சு விடற டிஸ்ட்ரிபியூட்டர்). நல்லா இருந்தா அப்படியே மாட்டுங்க, அதெல்லாம் வெளிலதான இருக்கு, எப்ப வேணா கழட்டலாம்.

தினமும் அதுலதான் ஆபீஸ் போறேன். எத்தன நாள் வண்டி இருக்காது? கூட ஒரு இன்ஜின ரெடி பண்ணி வச்சுட்டு ஒரே நாள்ல மாத்திடலாமா?

ஷெட்டுல வேலை கொஞ்சம்தான், நாள் போறது லேத்துலயும் சாமான் வர்றதுலயும். எறக்கறதுக்கு முன்னாடியே கேஸ்கெட் செட், சீல், பெல்ட், கிளட்ச் எல்லாம் வாங்கி வச்சுடுங்க, பிஸ்டனும் பேரிங்கும் அளந்த பிறகுதான் சைஸ் தெரியும். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் முன்னாடி எறக்காதீங்க, லேத்துல வேலை குவிஞ்சு கெடக்கும், பூஜை போட்டு மூடினா அவ்ளோதான்.

கூட ஒரு இன்ஜின் யோசனை நல்லாத்தான் இருக்கு, ஆனா அது வேற பிளாக்கு, வேற நம்பரு, மேல சொன்ன ஆர்டிஓ வேலை முழுசா வரும். அதுக்கு பதிலா ஒரு செகண்ட்ஸ் ஹெட்ட மட்டும் வாங்கி, வால்வு, கைடு, சீல், ஃபேசிங் எல்லாம் நிதானமா முடிச்சு அலமாரில வச்சுக்கோங்க. ஹெட்டுல ஆர்சி சம்பந்தப்பட்ட நம்பர் கெடையாது, உங்க பிரச்சனை வால்வு பக்கம்னா ஒரே ஞாயித்துக்கிழமைல மாட்டிட்டு திங்கக்கிழமை ஆபீஸ் போயிடலாம்.

புது இன்ஜின முதல்ல எப்படி ஸ்டார்ட் பண்றது? ரன்னிங் இன் எல்லாம் இப்ப தேவையா?

பிளக்க கழட்டிட்டு, காயில் வயர எடுத்துட்டு, ஆயில் லைட் அணையற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க, அப்பறம்தான் பிளக்கப் போட்டு ஸ்டார்ட் பண்ணணும். பேரிங்குக்கு ஆயில் போய் சேராம முதல் உறுமல விட்டீங்கன்னா அதுக்கு பட்ட பாடு எல்லாம் வீண். ஸ்டார்ட் ஆனதும் ஷெட்டு வாசல்ல மணிக்கணக்கா ஐடிலிங்ல விடற வழக்கம் இருக்கு, அது வேணாம். லீக் ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு ரோட்டுக்கு எடுத்துட்டு போங்க.

ரன்னிங் இன் கண்டிப்பா தேவை, ஆனா நாப்பதுலயே உருட்டறது ரன்னிங் இன் இல்ல. ரிங்கு போரோட உக்காரணும்னா கொஞ்சம் லோடு வேணும். மிதமா மிதிச்சு வேகம் ஏத்தறது, கால எடுத்து கியர்லயே எறங்க விடறது, மறுபடி ஏத்தறது, இப்படி மாத்தி மாத்தி ஓட்டுங்க, பைபாஸ்ல ஒரே வேகத்துல ரொம்ப தூரம் போகாதீங்க, ஏசி போட்டு நாலு பேரோட மலை ஏறாதீங்க. ஐநூறு கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க, வடியற ஆயில வெயில்ல வச்சு பாத்தா மினுமினுன்னு இரும்புத் தூள் தெரியும், முதல் தடவை அது சகஜம். ஆயிரத்துல டேப்பட் (வால்வு இடைவெளி) செட்டிங் ஒரு தடவை.

எல்லாம் பாத்தாச்சு, இப்ப ஹீட் ஆகுது. தெர்மோஸ்டாட்ட கழட்டிட சொல்றாங்க, கழட்டிடலாமா?

வேணாம். தெர்மோஸ்டாட் இல்லன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் அதிகமா குடிக்கும், ஆயில்ல ஈரம் தங்கும், போர் சீக்கிரம் தேயும். நம்ம ஊரு வெயிலுக்கு வேணாம்னு சொல்லுவாங்க, அந்த வெயில்லதான் கம்பெனிக்காரன் முப்பது வருஷம் தெர்மோஸ்டாட்டோட வித்தான்.

புது இன்ஜின் கொஞ்சம் டைட்டா இருக்கறதால லேசா சூடு அதிகமா காட்டும், முள்ளு பாதிய தாண்டி ஏறிட்டே போனாத்தான் பிரச்சனை. முதல்ல காத்து அடைப்பு, மூடியத் தொறந்து வச்சு ஓட விட்டு குமிழி நிக்கற வரைக்கும் கூலன்ட் ஊத்துங்க. அடுத்தது ஃபேன் சுவிட்ச், ரேடியேட்டர் மூடி ரப்பர், அப்பறம் டைமிங். இதுல எதுவும் இல்லாம தண்ணில விடாம குமிழி வந்துட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட், ஹெட் போல்ட்ட டார்க் ரெஞ்ச் இல்லாம கை அளவுல டைட் பண்ணியிருப்பாங்க. நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, படிப்படியா, மேனுவல்ல சொன்ன அளவுக்குத்தான் டைட் பண்ணணும்.

புது இன்ஜின், ஆனா மைலேஜ் பழையபடியே இருக்கு, பிக்கப்பும் இல்ல. ஏமாத்திட்டாங்களா?

இன்ஜின் புதுசு, கார்புரேட்டர் பழசுதானே? ஜெட்டு, நீடில் வால்வு, டயஃப்ரம் எல்லாம் அதே இருபது வருஷத்துது. கார்புரேட்டர் கிட் போட்டு, டைமிங் வச்சு, டேப்பட் பாத்துட்டு அப்பறம் பேசுங்க. டைமிங் பெல்ட்ட ஒரு பல்லு தள்ளி மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனா இழுவை இருக்காது, மார்க்கு ரெண்டும் நேரா இருக்கான்னு கண்ணால பாருங்க.

அதுக்கு மேல பெட்ரோலே இப்ப ஈ20. 20 சதவீதம் எத்தனால், அதுல சக்தி கம்மி, பழைய வண்டிங்கள்ல 6, 7 சதவீதம் மைலேஜ் கொறையும்னு நிதி ஆயோக்கோட 2021 அறிக்கையிலயே இருக்கு. கார்புரேட்டர் வண்டில ஈசிஎம் இல்லாததால கலவை தானா சரி பண்ணிக்காது, மெலிஞ்சு போகும், மிக்ஸர் ஸ்க்ரூவ அதுக்கு ஏத்த மாதிரி வைக்கணும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் ஓ ரிங் இதெல்லாம் எத்தனால் தாங்கற ரகமா மாத்திடுங்க, இது மைலேஜுக்காக இல்ல, ஹோஸ் வெடிச்சு சூடான சைலன்சர் மேனிஃபோல்டு மேல பெட்ரோல் சொட்டக் கூடாதுங்கறதுக்காக.

ரிங்கு புதுசு, மறுபடி நீலப் புகை. மெக்கானிக் "ஓட ஓட சரியாயிடும்"ங்கறாரு. ஆகுமா?

ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் கொறைஞ்சிட்டே வந்தா ஆகும். அப்படியே நின்னா ஆகாது. முதல்ல ஆயில் அளவு அதிகமா ஊத்தியிருக்காங்களான்னு ஸ்டிக்க எடுத்து பாருங்க, ஃபில்டரோட சேத்தே மூணு லிட்டருக்குள்ளதான் பிடிக்கும், நாலு லிட்டர் டின்ன காலி பண்ணவங்க உண்டு. பிரீதர் டியூப் (இன்ஜின் உள்காத்து வெளியேற குழாய்) அடைச்சிருந்தாலும் புகை வரும். இது ரெண்டும் காசில்லாம தீர்ற விஷயம்.

அடுத்தது, முட்டை வடிவத்துக்கு தேஞ்ச போர்ல அளக்காமலே ரிங்கு மட்டும் மாத்தியிருப்பாங்க, வட்டமான ரிங்கு அங்க எப்படி சேரும். இல்லன்னா ரிங்க தலைகீழா மாட்டியிருப்பாங்க, குறி மேல பாக்கணும். ஒரு பிஸ்டன்ல இருக்கற ரிங்குங்களோட வாய், அதாவது அந்த வெட்டு இடைவெளி, எல்லாம் ஒரே நேர்ல நிக்கலாம். ஹெட்டுல வால்வு சீல மாத்தாம விட்டிருக்கலாம், அது முதல் கேள்வில சொன்ன மாதிரி புகை வர்ற நேரத்த வச்சே தெரிஞ்சிடும். நாப்பதுலயே உருட்டி ரன்னிங் இன் பண்ணவங்களுக்கு போர் கண்ணாடியா வழுவழுத்து போய் ரிங்கு உக்காராமலே நின்னிருக்கும், அதுக்கு திரும்ப பிரிச்சு ஹோனிங்தான். எந்த சிலிண்டர்னு தெரிஞ்சுக்க மூணு பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சு பாருங்க, கருப்பா எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கறதுதான் ஆளு. மூணும் அப்படி இருந்தா மேல உள்ளதெல்லாம், ஒன்னு மட்டும்னா அந்த ஒரு பிஸ்டன கட்டும்போது ரிங்கு ஒடிஞ்சிருக்கலாம்.

இவ்ளோ செலவு பண்ணி இந்த வண்டிய வச்சுக்கறது லாபமா? உண்மைய சொல்லுங்க.

விக்கும்போது போட்ட காசு திரும்ப வராது, ஒரு ரூபா கூட வராதுன்னு வச்சுக்கிட்டு கணக்கு போடுங்க. ஆர்சி புதுப்பிக்கற கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து 600லேர்ந்து 5000 ஆச்சு, இருபது வருஷம் தாண்டின காருக்கு 2025ல 10,000 ஆக்கிட்டாங்க, பசுமை வரி தனி. டெல்லி மாதிரி 15 வருஷத்தோட பெட்ரோல் வண்டிய நிறுத்தற தடை நம்ம பக்கம் இல்ல, அதனால எஃப்சி ஆகற வரைக்கும் ஓட்டலாம். அடுத்த அஞ்சு வருஷம் தினமும் ஓட்டுவேன்னு இருக்கறவருக்கு இன்ஜின் வேலை நியாயமான செலவு. அடுத்த வருஷம் வேற வண்டி வாங்கிடுவேன்னு இருக்கறவரு வால்வு சீல மட்டும் மாத்திட்டு, ஆயில அப்பப்ப ஊத்திட்டு காலத்த ஓட்டலாம், ஆனா சைலன்சர்ல புகை டெஸ்ட் பாஸ் ஆகணும்.

இன்ஜினுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய ரேம்ப்ல ஏத்தி கீழேர்ந்து பாருங்க. கால் வைக்கற ஃப்ளோர், ஜாக்கி வைக்கற எடம், முன்பக்க லோயர் ஆர்ம் பிடிக்கற எடம், ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்தி பாருங்க. உள்ள எறங்கிச்சுன்னா முதல்ல டிங்கரிங் ஆளுகிட்ட ஒரு வெல கேட்டுட்டு வாங்க, அந்த தொகைய இன்ஜின் செலவோட கூட்டிப் பாத்துட்டு அப்பறம் மெக்கானிக்குக்கு போன் பண்ணலாம்.